லோடு ஏற்றினால் லாரி மேட்டில் அணைந்துவிடுகிறது. டீசல் பம்பை இறக்கலாமா?

கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் தானாகக் கிளம்புகிறது, மெக்கானிக் பம்பை இறக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். இப்போதைக்கு இறக்காதீர்கள். உங்களுடையதும் என்னுடையதைப் போலப் பழைய ஜப்பான் லாரி, ஹினோவோ ஃபூசோவோதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2015இல் புது ரோடு திறக்கும்வரை, பர்மாவில் தாய்லாந்து எல்லை ஊரான மியாவடியிலிருந்து மோல்மீன் நகருக்கு வர டாவ்னா மலைப் பாதைதான். ஒரு நாள் போகிற வண்டிக்கு, மறுநாள் வருகிற வண்டிக்கு. அங்கே நின்றால் பின்னால் வருகிறவன் எல்லாம் நம் அம்மாவை விசாரிப்பான். என் வண்டி அங்கேதான் அணைந்தது. மோல்மீனில் ஒரு பட்டறைக்காரர் பானெட்டைக்கூடத் திறக்காமல் "பம்ப் போச்சு" என்றார்.

எனக்கு ஒப்பவில்லை. இழுவை குறைந்தபோது கரும்புகை வரவே இல்லை. கரும்புகை என்றால் டீசல் போகிறது, காற்று போதவில்லை, இல்லை டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகுகிறது. புகையில்லாமல் சோர்ந்தால் வண்டி டீசல் கிடைக்காமல் பட்டினி கிடக்கிறது.

டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டினேன், ஏனென்றால் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இதே குணம்தான். மாற்றமில்லை. அப்புறம், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்பின் கைப்பம்பை இழுத்தேன். மேலே வர அடம்பிடித்தது, விட்டதும் உள்ளே போய்விட்டது. அப்படியென்றால் டேங்க் பக்கம் அடைப்பு. டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸை மாட்டி, மறுமுனையை டீசல் கேனில் விட்டு, லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி, லோடோடு ஓட்டினேன். சிரிக்காத குறையாக இழுத்தது. பம்ப் மேல் குற்றமே இல்லை.

டேங்கைக் கழுவினால், ரோட்டோரம் பீப்பாயில் டீசல் விற்பார்களே, அந்தப் பீப்பாய் வாயில் கட்டுகிற பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு! இஞ்சின் உறிஞ்சும்போது குழாய் வாயில் ஒட்டும், நின்றதும் விலகும். உங்கள் வண்டி நிறுத்திவைத்தால் கிளம்புவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். உள்ளே தெரிகிற அந்த பிளாஸ்டிக் ஹோஸை டேங்க் லைனில் மாட்டி குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் வெளியே டீசல் சொட்டாது, காற்றைத்தான் இழுக்கும்.

"இந்தக் காலத்தில் ஸ்கேனர் இல்லாமல் வைத்தியமா" என்று கிளம்பி வருகிறவர்களுக்கு: கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும் காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யச் சொல்லவில்லை. பழைய நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயிலில் 1,500க்கு மேல் ஏறும். ஓடும்போது பைப்பைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்கு ஸ்கேனர்தான்.

கேன் சோதனையன்று ஸ்பேர் பையனை, அதாவது கிளீனரை, கேனோடு பின்னால் உட்காரவைத்தேன். இடப்பக்கம் எட்டிப் பார்த்து எதிர்வண்டி சொல்ல ஆளில்லை. பர்மாவில் 1970இலேயே வலப்பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள், ஆனால் நம் கைக்கு வந்ததெல்லாம் ஜப்பானில் ஓடித் தேய்ந்த வலப்பக்க ஸ்டீயரிங். முன்னால் போகிறவனை முந்த இன்னொருவன் கண்ணை நம்ப வேண்டியிருக்கிறது. பட்டறைக்காரரோடு நான் போட்ட சண்டையைவிட இதற்காக இந்த ரோட்டில் போட்ட சண்டைதான் அதிகம்.

சரி, புகை என்ன நிறம், கைப்பம்பு எப்படி வருகிறது என்று எழுதுங்கள்.