சாவி யார் கையில்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாக் தொடங்கி ஆர்கன் இசைமேதைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. எங்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பதே ஓர் அக்காதான். பெண்கள் ஆர்கனுக்கு எழுதவே இல்லையா? கையும் காலும் சேர்ந்து ஓட வேண்டிய வாத்தியம் என்பதால் ஒதுங்கிவிட்டார்களா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

குறை என் பட்டியலில்தான். எழுதும்போது தோன்றவே இல்லை.

கைகால் விஷயத்தை விட்டுவிடுங்கள். பியானோவை வீட்டில் வைத்துக்கொண்டு நள்ளிரவில்கூட எழுதலாம். பைப் ஆர்கன் அப்படியில்லை. குழாய்களில் காற்றைச் செலுத்தி, கைக்கட்டைகளாலும் பெடல் என்னும் கால்கட்டைகளாலும் வாசிக்கிற, கட்டடத்தோடு கட்டிய வாத்தியம். சர்ச்சுக்குச் சர்ச் குழாய்கள் வேறு, எதிரொலி வேறு. உட்கார்ந்து வாசித்துப் பழகினால்தான் அதற்கு எழுத வரும். உட்கார வேண்டுமென்றால் சர்ச்சின் சாவி வேண்டும். சாவி, ஆர்கனிஸ்ட் வேலையில் இருப்பவர் கையில். மின்மோட்டார் வருவதற்கு முன் குழாய்களுக்குக் காற்று தரும் துருத்தியை மிதிக்க ஓர் ஆளும் அவருக்குக் கூலியும் வேறு. அந்த வேலையை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தாலே, யார் எழுதினார்கள் என்பது பாதி தெரிந்துவிடும்.

எல்ஃப்ரிடா ஆந்த்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனின் விஸ்பியில் 1841இல் பிறந்தவர். 1857இல் ஸ்டாக்ஹோமில் ஆர்கனிஸ்ட் தேர்வில் தேறிவிட்டார். ஆனால் சர்ச் வேலை கிடையாது, சட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை. அவரும் அப்பாவும் விடாமல் முட்டி மோதி 1861இல் சட்டத்தையே மாற்ற வைத்தார்கள். (தந்தி அலுவலகங்களில் பெண்களைச் சேர்க்கச் சொல்லிப் போராடியதும் இதே அப்பாவும் மகளும்தான். இந்த அப்பாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) 1867இல் கோதன்பர்க் பேராலயத்தில் ஆர்கனிஸ்ட் ஆனவர், 1929இல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 62 வருடம், அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவருடைய பி மைனர் ஆர்கன் சிம்பொனி (பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு) அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுதியது. இரண்டாவது சிம்பொனியில் ஆர்கனோடு பித்தளை ஊதுகருவிகளையும் சேர்த்தார்.

பாரீஸில் ழான் டெமெஸ்யூவுக்குச் சாவி பன்னிரண்டு வயதிலேயே கிடைத்தது. 1933இல் சாந்த்-எஸ்ப்ரி சர்ச்சின் ஆர்கனிஸ்ட். புகழ்பெற்ற ஆர்கன் கலைஞர் மார்செல் டூப்ரேயின் மாணவி. 1946இல் பாரீஸில் நடந்த முதல் பெரிய கச்சேரியில் தன்னுடைய 'ஆறு எத்யூட்'களை, அதாவது பயிற்சிப் படைப்புகளை, வாசித்தார். அவற்றின் தலைப்புகளைப் பாருங்கள்: 'மூன்றாம் இடைவெளி', 'ஆறாம் இடைவெளி', 'ஆக்டேவ்'. சுரத்துக்குச் சுரம் உள்ள தூரங்களின் பெயர்கள் இவை. பெரும்பாலும் காலுக்கு வைத்த பரீட்சை. விரலே திணறுகிற ஓட்டத்தைப் பெடலில் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் அவர் ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வாசித்தார்! உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஃப்ளோரன்ஸ் பிரைஸ் வந்த வழி வேறு. பாஸ்டனில் ஆர்கன் படித்து 1906இல் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண். சிகாகோவில் மௌனப் படங்களுக்குத் தியேட்டர் ஆர்கன் வாசித்துப் பிழைத்தார். ஆர்கனுக்கு ஒரு சொனாட்டா, ஒரு சூட், சின்னச் சின்னத் துண்டுகள் என்று எழுதியிருக்கிறார். அவருடைய கைப்பிரதிகள் பலவும் 2009இல், இல்லினாய்ஸில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டிலிருந்து கிடைத்தன. ஆர்கனுக்கு எழுதிய சின்னத் துண்டுகளில் ஒன்றுதான் 'அடோரேஷன்'. இன்று வயலின்காரர்கள் உருகி உருகி வாசிக்கிறார்களே, அதேதான். பலருக்கு அது ஆர்கனுக்கு எழுதியது என்றே தெரியாது.

அதிலிருந்தே தொடங்குங்கள். ஆர்கனில் வாசித்த பதிவாகத் தேடிக் கேளுங்கள். டெமெஸ்யூவுக்குப் போகும்போது மட்டும் நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் பெடல் ஒலி பாதி காணாமல் போய்விடும். அந்தம்மா உழைத்ததே அங்கேதான். கேட்டுவிட்டு உங்கள் சர்ச் அக்காவிடமும் போட்டுக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள்.