நடுத்தொண்டை: கேள்விகளும் பதில்களும்

கண்ணாடியில் வாயைத் திறந்தால் தெரிவதுதான் நடுத்தொண்டையா சார்? எதுவரை?

ஒரு பகுதிதான் தெரியும். மேலே மென்அண்ணம் (வாயின் கூரையில் பின்பக்க மென்மையான பகுதி), கீழே குரல்வளை மூடியின் (குரல்வளையின் வாயிலில் நிற்கும் மடல்) மேல்விளிம்பு. இவற்றுக்கு இடைப்பட்டதே நடுத்தொண்டை. இருபுறமும் முன்னொன்றும் பின்னொன்றுமாகத் தசை வளைவுகள், அவற்றின் நடுவே டான்சில். பின்சுவருக்கு நேர் பின்னால் கழுத்தின் 2, 3-ஆம் முள்ளெலும்புகள். நாக்கின் பின்பக்க மூன்றில் ஒரு பங்கும் இதில் சேர்த்திதான், அது கண்ணாடியில் தெரியாது. பின்சுவரில் சின்னச் சின்ன மேடுகள் தெரிந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் அவை கிருமிகளை எதிர்க்கும் நிணநீர்த் திசுத் திட்டுகள்.

பேசிக்கொண்டே சாப்பிட்டால் ஏன் புரையேறுகிறது?

காற்றும் உணவும் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்ளும் இடம் இது. நாக்கு உணவைப் பின்னால் தள்ளியதும், மென்அண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலும் முன்னுமாக எழுகிறது, குரல்நாண்கள் நெருங்கி மூடுகின்றன, குரல்வளை மூடி பின்னால் சாய்கிறது. உணவுக்குழாயின் வாயிலில் இறுகியிருக்கும் தசை அதே நேரத்தில் தளர்கிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரு நொடிக்குள். அந்த நொடி மூச்சு நிற்கும். பிறகு வழக்கமாக வெளிமூச்சில் தொடரும். பேசும்போதும் சிரிக்கும்போதும் இடையில் சட்டென்று மூச்சை உள்ளிழுக்கிறோம். குரல்வளை திறந்திருக்க, உணவு அந்தப் பக்கம் போகிறது. தண்ணீர் வேகமாக ஓடுவதால், மூடும் வேலை சற்றுத் தாமதமானாலும் முதலில் புரையேறுவது அதுதான். பக்கவாதத்துக்குப் பின் அடிக்கடி இப்படி நேர்ந்தால் விழுங்குதல் பரிசோதனை அவசியம். இருமலே இல்லாமல் உணவு நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு.

மீன்முள் சிக்கினால் உணவு உருண்டையை விழுங்கித் தள்ளலாமா?

கூடாது. முள் இன்னும் ஆழமாகக் குத்தும், கிழிக்கவும் செய்யும். விரல்விட்டுத் துழாவுவதும் வேண்டாம். முள் பெரும்பாலும் டான்சிலிலோ, நாக்கின் அடியிலோ (தொண்டையை ஒட்டிய பின்பகுதி), நாக்குக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலுள்ள பள்ளத்திலோ நிற்கும். டான்சிலில் இருந்தால் விளக்கொளியிலேயே இடுக்கியால் எடுத்துவிடலாம். கீழே என்றால் எண்டோஸ்கோப் (உள்ளே பார்க்கும் குழாய்க் கருவி) வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் முள் இல்லை என்று ஆகிவிடாது. முள் போன பிறகும் கீறல் ஓரிரு நாள் உறுத்தும், அதுதான் குழப்பமே. எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், ரத்தம் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டான்சிலில் வெள்ளையாக, நாற்றமடிக்கும் துணுக்கு வருகிறது.

டான்சில் கல். டான்சிலின் குழிகளில் உதிர்ந்த செல்லும் உணவுத் துகளும் பாக்டீரியாவும் சேர்ந்து இறுகுவது. உப்புநீரில் கொப்பளியுங்கள், ஊசியால் குத்த வேண்டாம்.

தொண்டையில் புண், வலிப்பதோ காது. காதில் ஒன்றுமில்லை என்கிறார்கள்?

நாக்கின் அடிக்கும் டான்சிலுக்கும் உணர்வு தரும் ஒன்பதாம் மூளை நரம்பின் கிளை நடுக்காதுக்கும் போகிறது. அதனால் வலியைக் காதுவலி என்று மூளை எடுத்துக்கொள்ளும். காது சுத்தமாக இருந்தும் ஒருபக்கக் காதுவலி வாரக்கணக்கில் நீடித்தால், நாக்கின் அடியையும் டான்சிலையும் கண்ணால் பார்த்து, விரலால் அழுத்தியும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு டான்சில் மட்டும் பெருத்திருந்தாலோ கழுத்தில் வலியில்லாத கட்டி இருந்தாலோ தள்ளிப்போடவே கூடாது. புகைப்பழக்கம் இல்லாதவருக்கும் எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸால் இங்கே புற்றுநோய் வரலாம்.

வாயே திறக்க முடியவில்லை, உள்நாக்கு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது டாக்டர்...

காய்ச்சலும் குழறிய குரலும் சேர்ந்திருந்தால், டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம். உள்நாக்கு சீழ் இல்லாத பக்கம் தள்ளப்படும். மாத்திரை மட்டும் பெரும்பாலும் போதாது, சீழை வெளியேற்ற வேண்டிவரும். இன்றே போங்கள்.