தோடும் ஐடி கார்டும் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

பாலக்கோட்டிலிருந்து தினமும் தர்மபுரிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நான்கு நாள் காட்டன் புடவை, ஒரு நாள் சுடிதார். எல்லாம் பர்கூரில் எடுத்தது. சாம்பல், பழுப்பு, கருநீலம் என்று அடக்கமான நிறங்கள். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே தூக்கம் வருகிறது. கல்யாண நகை பீரோவில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏற பயம். கவரிங் வாங்கலாம் என்றால் மாமியார், "கவர்மென்ட் வேலையில இருந்துகிட்டு கவரிங்கா? ஊர் என்ன சொல்லும்?" என்கிறார். விற்கிற விலையில் புதிதாகத் தங்கமும் முடியாது. தினசரி உடைக்கு எடுப்பாக என்ன போடலாம்? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிக்காதீர்கள்.

ஒரு வாசகி, பாலக்கோடு

அன்புள்ள தங்கைக்கு,

ஏன் சிரிக்கப் போகிறேன்? கிருஷ்ணகிரியில் பதினோரு வருடம் ஃபைல் கட்டியவள் நான். சேர்ந்த புதிதில் கைக்கு ஆறு கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு போனேன். டைப் அடிக்கும்போதெல்லாம் அவை மேஜை விளிம்பில் மோதி சலங் சலங் என்று சத்தம். கண்காணிப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு உடைந்துபோனது. சரி என்று அடுத்த வாரம் நீளச் செயின். அதற்கு எதிரி ஐடி கார்டு நாடா. ஒருநாள் அவசரத்தில் நாடாவைக் கழற்றினேன், செயினும் கூடவே வந்து கொக்கி பிய்ந்து, டாலர் மேஜை டிராயருக்குப் பின்னால் விழுந்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து டிராயரையே உருவி எடுத்தோம். டாலரோடு 2009-ஆம் வருட டைரி ஒன்றும் கிடைத்தது.

அன்றைக்கே கழுத்தை விட்டுவிட்டேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். தாலிக்கொடி இருக்கிறது, நாடா இருக்கிறது, சுடிதார் நாளில் ஷால் வேறு மூடிவிடும். அதற்கு மேல் அங்கே எதைப் போட்டாலும் யார் கண்ணிலும் படாது. மிச்சம் இருப்பது காதும் கையும்தான்.

காதில்தான் எல்லாமே இருக்கிறது. எதிரே உட்காருகிறவர் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார், தோடு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் புடவைகள் அடங்கிய நிறம் என்பது குறையே இல்லை, அவைதான் தோட்டுக்கு நல்ல திரை. சாம்பலுக்கு ரத்தச் சிவப்புக் கல். கருநீலத்துக்கு வெள்ளி, அதுவும் கொஞ்சம் கறுத்த வெள்ளி. பழுப்புக்குப் பச்சைக் கல்லோ, செங்கல் நிறத்து டெரகோட்டாவோ. டெரகோட்டா கனமே தெரியாது, ஆனால் கீழே விழுந்தால் அவ்வளவுதான். அளவு கட்டைவிரல் நகத்தைத் தாண்ட வேண்டாம். பெரிய ஜிமிக்கி போனில் பேசும்போது இடிக்கும். தினமும் கனம் தொங்கினால் காது ஓட்டை நீண்டுகொண்டே போகும், அப்புறம் தையல் போடத்தான் ஓட வேண்டும். ஜிமிக்கி ஆசை விடாவிட்டால் வெள்ளிக்கிழமை மட்டும் போடுங்கள், மாட்டலோடு. அது கனத்தைக் கொஞ்சம் தாங்கும்.

கையில் ஒரு பக்கம் வாட்ச், மறு பக்கம் ஒரே ஒரு அகல வளையல் அல்லது காப்பு. ஒன்று இருந்தால் சத்தம் வராது. மோதிரம் உங்கள் இஷ்டம். ஓசூரில் ஆலையில் வேலை பார்க்கும் என் சித்தி மகளுக்கு அந்த இஷ்டமும் கிடையாது. இயந்திரம் பக்கம் மோதிரம், வளையல் எதுவும் கூடாது. தனிஷ்க் நகை செய்கிற ஆலை இருக்கிற ஊரில் வெறுங்கையோடு நிற்கிறேன் என்று புலம்புவாள். அவளுக்குச் சின்ன மூக்குத்தி ஒன்றுதான். அதைப் போட்டால் போதும், முகமே மாறிவிடும் அவளுக்கு.

இனி மாமியார் விஷயம். நம் பக்கத்தில் நகை என்பது சேமிப்பு. நிலம் வாங்க, பிள்ளை படிக்க, ஆஸ்பத்திரிக்கு என்று அடகுக் கடைக்குப் போவது அதுதான். அதனால் கழுத்தில் கிடப்பதைப் பார்த்ததும் எத்தனை பவுன் என்று கண் எடை போடுகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் சொல்வது நியாயம்தான், கவரிங்குக்கு அடகுக் கடையில் மதிப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்பது நிறத்தை. பாஸ்புக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாரும் ஆபீஸ் போவதில்லையே. பீரோவில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

கவரிங்கில் உள்ளே செம்போ பித்தளையோ, மேலே மெல்லிய தங்க முலாம். வியர்வையும் சென்ட்டும் பட்டால் முலாம் போய்விடும், செம்பு வெளியே வந்து கழுத்துப் பச்சையாகும். "ஆறு மாசம் கேரண்டி" என்று இங்கே ஒரு கடையில் சொல்லி வாங்கிய செயின், சித்திரை வெயிலில் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. திரும்பப் போனால், "குளிக்கும்போது கழட்டலையா?" என்று என்னையே கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சல். சென்ட் காய்ந்த பிறகு போட்டு, வீட்டுக்கு வந்ததும் துணியில் துடைத்து ஜிப் கவரில் வைத்தால் நிறைய நாள் வரும். காது அரித்தால் நிக்கல் கலந்திருக்கும். தோடு பிடித்திருந்தால் ஆசாரியிடம் கொடுத்துக் காதில் செருகும் கம்பியை மட்டும் வெள்ளியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுச் சண்டைக்கு வெள்ளிதான் வழி என்று தோன்றுகிறது. அதைப் போலி என்று மாமியார் சொல்ல முடியாது. 925 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஜெர்மன் சில்வர் என்று கொடுத்தால் அதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். தினமும் போடுகிற வெள்ளி அவ்வளவாகக் கறுக்காது, டப்பாவில் தூங்குவதுதான் கறுக்கும். கல் இல்லாததாக இருந்தால் விபூதி போட்டுத் தேய்த்தால் போதும்.

போனஸ் வந்து தங்கமே வாங்கினாலும் சின்னத் தோடாக வாங்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடத் தனிக் குறியீடு இருக்க வேண்டும், 22 காரட்டுக்கான 916 என்ற எண்ணோடு அதையும் பாருங்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, அதனால் பொடித் தோடு, மூக்குத்திக்கு பில் வாங்காமல் வராதீர்கள்.

இன்னொன்று, இது அழகுக் குறிப்பு இல்லை. ஒரு திங்கள்கிழமை, குறைதீர் கூட்டம். கல்யாணத்துக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தேன், கழுத்து நிறைய நகை. மனு கொடுக்க வந்த ஒரு பாட்டியின் இரண்டு காது ஓட்டையிலும் விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தது. தோடு அடகில் என்று கேட்காமலே தெரிந்தது. அவர் என் கழுத்தைப் பார்க்கவே இல்லை, பேனா எங்கே என்றுதான் தேடினார். நான்தான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் திங்கள்கிழமைகளில் சின்ன வெள்ளித் தோடு மட்டும்தான். உங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை, நினைவு வந்தது, எழுதினேன்.

முதலில் கருநீலப் புடவைக்கு அந்த வெள்ளித் தோட்டைப் போட்டுப் போய்விட்டு எழுதுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் கண்டிப்பாக விலை கேட்பார், குறைத்தே சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா