உறுமலும் பாட்டுதானா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படித்தவள். இப்போது டர்பனில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். சொல்லே இல்லாமல் உறுமுகிறாள், கிறீச்சிடுகிறாள், மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விடுகிறாள். 'இதுவும் பாட்டுதாம்மா' என்கிறாள். படித்ததெல்லாம் வீண்தானா அக்கா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வீணே இல்லை அம்மா. இந்த வழி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும்.

ஆல்ஃபிரட் வொல்ஃப்ஸோன் ஜெர்மனியில் பிறந்த யூதர். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமக்கும் வேலை அவருக்கு. போர் முடிந்த பிறகும், பதுங்குகுழிகளில் செத்துக்கொண்டிருந்தவர்களின் அலறல் அவர் காதை விட்டுப் போகவில்லை. வைத்தியத்தால் தீரவில்லை. கடைசியில் அந்த அலறலைத் தன் தொண்டையாலேயே எழுப்பிப் பார்த்தார், அதில்தான் தெளிந்தார். உயிர் போகிற நேரத்தில் ஒரு மனிதனுக்கு அத்தனை ஸ்தாயியும் வருகிறதென்றால், ஆண் குரல் இவ்வளவு, பெண் குரல் இவ்வளவு என்று எதற்கு வேலி போட வேண்டும்? இதுதான் அவர் கேள்வி. 1939-இல் லண்டனுக்குத் தப்பி வந்து, அங்கே இந்தக் கேள்வியையே பாடமாக நடத்தினார்.

அவரிடம் போய்ச் சேர்ந்த ராய் ஹார்ட் நம் தென்னாப்பிரிக்காக்காரர், 1926-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். நடிப்புப் படிக்க லண்டன் போனார். நல்ல நடிகர் என்று பெயரும் வாங்கினார். ஆனாலும் தன் குரல் தன் உடம்பில் வேர்விடவில்லை என்ற குறை அவரை விடவில்லை. வொல்ஃப்ஸோன் 1962-இல் காலமான பிறகு அந்த மாணவர்களை ஒரு நாடகக் குழுவாக வளர்த்தவர் இவர்தான்.

1969-இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் இவருடைய குரலுக்கென்றே 'எய்ட் சாங்ஸ் ஃபார் எ மேட் கிங்' (பைத்தியக்கார ராஜாவுக்கு எட்டுப் பாட்டு) எழுதினார். புத்தி கலங்கிய இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் குருவிகளுக்குப் பாடச் சொல்லிக்கொடுக்கிறார், வாத்தியக்காரர்கள் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழாவது பாட்டில் ராஜா வயலினைப் பிடுங்கி உடைக்கிறார். எல்லோரும் அந்த உடைப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னை உலுக்கியது வேறு இடம். ஹேண்டல் இசையமைத்த 'மெஸையா' என்ற கிறிஸ்தவ இசைப் படைப்பிலிருந்து ஓர் அடியை ராஜா பாடப் பார்க்கிறார், அது பிடியில் நிற்காமல் நழுவிப் போகிறது. ஒழுங்காகப் பாடத் தெரிந்தவரால்தான் அந்த நழுவலைக் காட்ட முடியும். உங்கள் மகள் 'ஆ' என்று இழுத்துச் செய்த ஆகார சாதகமும், நீளமாகப் பிடித்த கார்வையும் உதவுவது அங்கேதான்.

ஒரு நாள் ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம், உடம்பையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எதற்கு?
– வாசகர், டோங்காட்

பதில்: ஐயா, டோங்காட்டிலிருந்தா இப்படிக் கேட்கிறீர்கள்! கரும்புத் தோட்டத்து பாரக்ஸில், அதாவது கூலிக் குடியிருப்பில், விடிய விடிய நடந்த தெருக்கூத்தை, இங்கே நாம் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்வதை, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று உச்சத்தில் பிடித்த குரல், ராஜா வேஷம் வந்ததும் எழும் அதட்டல், இதற்கெல்லாம் இனிமை அளவுகோல் இல்லை.

ஒப்பாரி இருக்கிறதே! நான் கோயில் வகுப்பில் தேவாரம் படித்து வளர்ந்தவள். ஒரு நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த தாயாக நிற்க வேண்டியிருந்தது. சுத்தமான ஸ்வரத்துக்குள் அந்த அழுகை அடங்கவில்லை. சாவு வீட்டில் எங்கள் பாட்டிகள் மாரில் அடித்துக்கொண்டு இழுப்பார்களே, ஒவ்வொரு அடியின் முடிவிலும் குரல் உடைந்து விழுமே, அந்த உடைப்பை எடுத்துக்கொண்டேன். மேடையில் என் வழி மாறியது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிழக்குக் கேப் மாகாணத்தில் லேடி ஃப்ரேர் பக்கத்துக் கோசா பெண்கள் உம்ங்கோகோலோ என்று ஒரு முறையில் பாடுகிறார்கள். தொண்டையின் அடியில் கனத்த ஒலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வாயின் வடிவத்தை மாற்றி மாற்றி அதற்குள்ளிருந்தே மெல்லிய மேல் ஸ்வரங்களை எடுக்கிறார்கள். ஒரே பெண், ஒரே மூச்சு, இரண்டு குரல். நாமும் அவர்களும் ஒரே நாட்டில் இருக்கிறோம். நம் பிள்ளைகள் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: ஒத்திகை முடிந்தால் தொண்டை எரிகிறது. பழகிவிடுமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: பழக விடாதீர்கள். எரிகிறது என்றால் கழுத்தை இறுக்கிக் கத்துகிறீர்கள். கொட்டாவியிலிருந்து தொடங்குங்கள், தாடை தளர்ந்த பிறகு சத்தத்தைக் கூட்டலாம். உறுமலைக் கொஞ்ச நேரம் செய்துவிட்டு நிறுத்தி, தண்ணீர் குடித்து, சாதாரணமாக ஒரு வரி பாடிப் பாருங்கள். அது சுத்தமாக வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். டைரக்டர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். குரல் கம்மியது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்வரமே இல்லாத பாட்டை எப்படி எழுதி வைப்பது?
– வாசகர், லெனேசியா

பதில்: படமாக வரையலாம். பாடகி கேத்தி பெர்பேரியன் 1966-இல் செய்த 'ஸ்ட்ரிப்ஸடி' முழுக்க காமிக்ஸ் சத்தங்கள். மூன்றே கோடுகள்: மேல், நடு, கீழ். அவற்றின் மேல் எழுத்தும் படமும் ஏறி இறங்கும். மேலே சொன்ன ராஜா பாட்டுகளில் ஒன்றை டேவிஸ் கூண்டு வடிவத்திலேயே எழுதியிருக்கிறார். நான் பெரிய தாளில் இடமிருந்து வலமாக மூச்சை முதலில் குறித்துக்கொள்வேன், எங்கே இழுப்பது, எங்கே விடுவது, எங்கே அடக்குவது என்று. அப்புறம்தான் அதன் மேல் சத்தம். ஃபோனில் பதிவு செய்து வைப்பதும் நல்லதுதான். ஆனால் பதிவைக் கேட்டுப் பாடுகிறவர் அந்தக் குரலையே காப்பியடித்துவிடுவார். தாளைப் பார்த்துப் பாடினால் தன் குரலில் பாடுவார்.