கம்பி போட்ட பல்லும் ஏத்தங்காய் சிப்ஸும்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பல்லுக்குக் கம்பி போட்டுப் பத்து நாள் ஆகிறது. பயந்துபோய்க் கஞ்சியைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறாள். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் கொடுக்கலாமா டாக்டர்?
– ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. மரச்சீனியை நன்றாகக் குழைய வேகவைத்து, நடுவில் ஓடும் நாரை உருவிவிடுங்கள். அந்த நார் கம்பியில் சுற்றிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. மீனை முள் நீக்கி உதிர்த்துக் கொடுங்கள். ஆப்பம், கடலைக் கறியோடு பிசைந்த புட்டு, மட்டி வாழைப்பழம் எல்லாமே சரிதான்.

ஆகாதவை ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், சீடை, கடலைமிட்டாய், ஐஸ்கட்டி, எலும்பு கடிப்பது. கொய்யாவையும் ஆப்பிளையும் முன்பல்லால் கடிக்காமல் சின்னத் துண்டாக நறுக்கிக் கடைவாயில் மெல்லட்டும். பயறும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் முந்திரிக்கொத்து? நானும் கல்லூரி நாளில் கம்பி போட்டவள்தான். தீபாவளிக்கு ஆச்சி கொடுத்ததை ஒரே கடி கடித்தேன். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் என்ற சின்னத் துண்டு தனியாக வந்து கம்பியில் ஊஞ்சல் ஆடியது. பிராக்கெட் அடிக்கடி கழன்றால் சிகிச்சைதான் நீளும்.

கம்பியை முறுக்கிய பிறகு இரண்டு மூன்று நாள் பல் கூசும், வலிக்கும். கஞ்சியும் பயறும் அப்போதைக்குப் போதும். அப்புறம், நிறமில்லாத ரப்பர் வளையம் போட்டிருந்தால் மஞ்சள் போட்ட மீன்குழம்பில் அது மஞ்சளாகிவிடும். அடுத்த முறை போகும்போது மாற்றிவிடுவார்கள், பயப்பட வேண்டாம்.