ஒரு மாதக் கடல்மட்டப் பதிவை வைத்து மீன்பிடித் துறைமுகத்துக்குச் சார்ட் டேட்டம் நிர்ணயிக்கலாமா?

சார்ட் டேட்டம் என்றால் கடல் வரைபடத்தில் ஆழங்களை எங்கிருந்து கணக்கிடுகிறோமோ அந்தத் தாழ்நீர் மட்டம். கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர் என்று நினைக்கிறேன். கையில் ஒரு மாதப் பதிவு. பின்னால் அறிக்கைக்கு அவசரப்படுத்தும் மேலாளர்.

ஓதத்தின், அதாவது கடலின் ஏற்றவற்றத்தின், வீச்சை ஒரு மாதத்தில் ஓரளவு பிடித்துவிடலாம். சராசரி கடல்மட்டம் சிக்காது. சார்ட் டேட்டத்துக்கு இரண்டும் வேண்டும். நிலவும் சூரியனும் இழுப்பதால் வரும் ஓதத்தைத் தனித்தனி அலைகளாகப் பிரித்தால் கிடைக்கும் எம்2, எஸ்2, கே1, ஓ1 ஆகிய நான்கு கூறுகளின் வீச்சுகளைக் கூட்டி, அந்தத் தொகையைச் சராசரி மட்டத்திலிருந்து கழிப்பது இந்தியத் துறைமுகங்களுக்காக ஜார்ஜ் டார்வின் வகுத்த பழைய கணக்கு. (ஆமாம், சார்லஸ் டார்வினின் மகன்தான்.) 29 நாள் பதிவில் எஸ்2-வும், கிட்டத்தட்ட அதே கால அளவுள்ள கே2 என்ற இன்னொரு கூறும் ஒட்டிக்கொண்டே இருக்கும், பிரிக்க ஆறு மாதம் ஆகும். அதைப் பக்கத்துத் துறைமுகத்தின் விகிதத்தை வைத்துச் சமாளிக்கலாம்.

வில்லங்கம் சராசரி மட்டத்தில்தான். நம் சோழமண்டலக் கரையில் மார்ச், ஏப்ரலில் கடல் தாழ்ந்து கிடக்கும். அக்டோபர், நவம்பரில் உயர்ந்துவிடும். சென்னையில் இந்த வித்தியாசம் கால் மீட்டருக்கு மேல். அமாவாசை ஓதத்தின் ஏற்ற இறக்கமே அங்கே ஒரு மீட்டர்தான்! நவம்பரில் அளந்து டேட்டம் வைத்தால் அது உயரத்தில் போய் உட்காரும். வரைபடத்தில் ஆழம் கூடுதலாகத் தெரியும். மார்ச் மாத வற்றத்தில் படகு தரை தட்டும்.

'மென்பொருளே எல்லாம் கணக்கிட்டுவிடும், இந்தக் காலத்தில் என்ன பேச்சு' என்று சிலர் கீழே எழுத வருவார்கள் என்று தெரியும். நான் கடலியல் முனைவர் அல்ல, துறைமுக அளவைப் பிரிவில் ஓய்வு பெற்றவன். ஆனால் நீர்மட்டம் பார்க்க நட்ட அளவுக்கோல் நகர்ந்துவிட்டது என்பதை எந்த மென்பொருளுக்கு யார் சொல்வது?

நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் தூர்வாரும் வேலை. ஒப்பந்ததாரரின் ஆட்கள் சுவரில் ஓதக் கோல் அடித்து, மணிக்கு ஒரு தடவை எழுதிவந்தார்கள். கோலின் சுழியத்தை நான் முதல் நாளே பெஞ்ச்மார்க் எனும் உயரம் தெரிந்த நிலையான குறியிலிருந்து, ஆட்டோ லெவல் எனும் மட்டம் பார்க்கும் கருவி வைத்து எடுத்திருந்தேன். மாத நடுவில் ஒரு விசைப்படகு இடித்துக் கோல் சாய்ந்தது. விடிவதற்குள் யாரோ நிமிர்த்தி, புது ஆணி அடித்துவிட்டார்கள். பதிவேட்டில் ஒரு வரி இல்லை. பழைய ஆணித் துளைகள் மட்டும் புது ஆணிகளுக்கு மேலே துருக்கறையோடு வரிசையாகத் தெரிந்தன. மறுபடி லெவல் எடுத்தேன்: கோல் 11 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதாவது அன்று முதல் எல்லா வாசிப்பும் அந்த அளவு கூடுதல்.

'காற்று திரும்பியதால் கடல் ஏறியது' என்று ஒப்பந்ததாரர் தரப்பில் சாதித்தார்கள். காற்று அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் எழும்பும் என்பதும் உண்மைதான். ஆனால் பக்கத்துத் துறைமுகப் பதிவில் அந்த ஏற்றம் இல்லையே! கோல் கூட்டிக் காட்டினால் சராசரியும் டேட்டமும் உயரும், ஆழம் கூடித் தெரியும். டேட்டம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், ஒரு கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள வாய்க்காலில் 10,000 கன மீட்டர் மண்ணை வாராமலே வாரியதாகக் காட்டலாம். எல்லா ஒப்பந்ததாரர்களையும் சொல்லவில்லை. அன்று நான் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இரவெல்லாம் டார்ச் பிடித்துக் கோலைப் படித்த உள்ளூர்ப் பையன்களுக்குக் கூலி மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. பளபள அட்டை போட்ட அறிக்கையில் கணினி வாங்கிய கடைக்குக்கூட நன்றி இருந்தது, அவர்களுக்கு இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீண்ட காலப் பதிவு உள்ள பக்கத்துத் துறைமுகத்தில், நீங்கள் அளந்த அதே நாட்களின் சராசரியை எடுங்கள். அது அங்குள்ள நீண்ட காலச் சராசரியை விட எவ்வளவு கூடுதலோ குறைவோ, அந்த அளவை உங்கள் சராசரியில் சரிசெய்யுங்கள். நீண்ட காலம் என்றால் 19 ஆண்டுகள். நிலவின் பாதை 18.6 ஆண்டுக்கு ஒரு சுற்று ஆடுவதுதான் காரணம். ஒரே கரையாக இருக்க வேண்டும். கோடிக்கரையைத் தாண்டிப் பாக் நீரிணைக்குள் போனால் ஓதத்தின் குணமே வேறு. முடிவை 'கோலில் இத்தனை' என்று எழுதாமல், 'பெஞ்ச்மார்க்குக்குக் கீழே இத்தனை மீட்டர்' என்று எழுதுங்கள். எந்த மாதம் அளந்தீர்கள் என்பது கேள்வியில் இல்லை. முடிந்தால் அதையும், மாதக் கடைசியில் கோலை மறுபடி லெவல் எடுத்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.