பச்சை உடம்பு என்று விட்டுவிடாதீர்கள்: பேறுகாலத்துக்குப் பிறகு, சில கேள்விகள்

பேறுகாலத்துக்குப் பிறகு வரும் தொல்லைகள் பற்றிக் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லிப் போன முறை உங்களைக் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை எடுத்துப் பார்த்தால் பிள்ளை பெற்றவள் தானே எழுதியது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் அம்மா, மதினி, வெளியூரில் வேலை பார்க்கும் புருஷன். அவளுக்கு எழுத நேரம் ஏது? ஆனால் எல்லாக் கடிதத்திலும் ஒரு சொல் மட்டும் தவறாமல் இருந்தது: ‘பச்சை உடம்பு’. தலைவலியா, பச்சை உடம்பு. காய்ச்சலா, பச்சை உடம்பு. அவளைப் பொத்திப் பாதுகாக்க வந்த சொல் அது. இப்போது அவள் சொல்வதைக் கேட்காமல் இருக்கவும் அதுவே வசதியாகிவிட்டது.

*என் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகி 11 நாள் ஆச்சு. உதிரப்போக்கு ஒரு வாரத்துல நல்லா குறைஞ்சிட்டு. முந்தாநாள்ல இருந்து மறுபடியும் செக்கச்செவேல்னு போகுது, கட்டியாவும் விழுது. ‘அழுக்கெல்லாம் போகட்டும், நல்லதுதான்’னு சம்பந்தியம்மா சொல்லுதாங்க. விட்டுரலாமா?*
*— முக்கூடல்*

அன்றைக்கே போனில் இவர்களைக் கிளம்பச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விளக்கமாக.

பேறுகாலத்துக்குப் பின் போகும் உதிரத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு. அப்புறம் வெளிறிப் பழுப்பாகும். பத்து நாளுக்கு மேல் மஞ்சளும் வெள்ளையுமாக மெலிந்து, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் நின்றுவிடும். ரொம்ப நேரம் படுத்திருந்து எழுந்தாலோ, பால் கொடுக்கும்போதோ கொஞ்சம் கூடுவது பயப்படத் தேவையில்லாதது. ஆனால் குறைந்தது திரும்பக் கூடினால், பழுப்பானது திரும்பச் சிவந்தால், அது அழுக்கு இல்லை, ரத்தம். பெரும்பாலும் நஞ்சுக்கொடியில் ஒரு துணுக்கு உள்ளே தங்கியிருக்கும், அல்லது கர்ப்பப்பையில் கிருமி சேர்ந்திருக்கும். முக்கூடல் பெண்ணுக்கு ஸ்கேனில் துணுக்குதான் தெரிந்தது. எடுத்துவிட்டார்கள், நலமாக இருக்கிறாள்.

அளவுதான் சிக்கல். பழைய வேட்டித் துணியை மடித்து மடித்து வைத்தால் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு வாரமாவது கடையில் விற்கும் பேட் வாங்கிக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி விழுந்தாலோ, நாற்றம் எடுத்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கை கால் சில்லிட்டு வியர்க்கிறது, எழுந்தால் கண்ணை இருட்டுகிறது என்றால் உடனே 108. வண்டி வரும்வரை படுக்க வையுங்கள், ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள், பிள்ளையை மார்பில் போடுங்கள். பிள்ளை சப்பும்போது கர்ப்பப்பை சுருங்கும், ரத்தம் குறைய அது ஓரளவு உதவும். நனைந்த துணிகளைக் கழுவிவிடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

*நான் துபாய்ல இருக்கேன். வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுத்து 6 நாள். ரெண்டு நாளா மண்டைய பிளக்குற தலைவலி, கண்ணு மங்குதுன்னு அழுதா. தலைக்குத் தண்ணி ஊத்துனதுல நீர் கோத்திருக்குன்னு எங்கம்மா பத்து போட்டு விட்டிருக்காங்க. மாசமா இருக்கும்போது பிரஷர் எல்லாம் கிடையாது.*
*— வள்ளியூர்*

தம்பி, கடைசி வரிதான் எல்லாரையும் ஏமாற்றுவது. கர்ப்ப காலம் முழுக்க பிரஷர் சரியாக இருந்தவளுக்கும் பேறுகாலத்துக்குப் பிறகு ஏறலாம். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை பிரஷர் இயல்பாகவே கூடுகிற நேரம். ஆறு வாரம்வரை அபாயம் உண்டு. தலைவலியோடு கண் மங்கல், கண்முன் மின்னல் பறப்பது, மேல்வயிற்றில் வலி, முகவீக்கம் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது பிரஷர் பார்ப்பது. பத்தெல்லாம் அப்புறம். 140/90-ஐத் தொட்டால் அன்றே டாக்டர். 160/110 என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. பிரஷர் சரியாக இருந்தும் இப்படித் தலைவலியும் கண் மங்கலும் நீடித்தால் அதற்கும் போகத்தான் வேண்டும்.

ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டதாலும் தலைவலி வரும். அது உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். அடையாளம் இருக்கிறதே என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள்.

கவனிக்காமல் விட்டால் ஏறிய பிரஷர் வலிப்பில் கொண்டுபோய் விடும். நம் பக்கத்தில் அதற்கு ‘ஜன்னி’ என்று பெயர். கிருமிக் காய்ச்சலில் பிதற்றினாலும் ஜன்னி, பிரஷரில் வலிப்பு வந்தாலும் ஜன்னி, மனம் கலங்கினாலும் ஜன்னி. மூன்றுக்கும் மூன்று வைத்தியம், பெயர் மட்டும் ஒன்று! வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிடுங்கள். மெக்னீசியம் சல்பேட் ஊசி இதற்குக் கைகண்ட மருந்து. நேரத்தோடு வந்தால்தான் அது வேலை செய்யும்.

*நான் பீடி சுத்துறவ. பிள்ளை பிறந்து 19 நாள். இடது கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை கல்லு மாதிரி இருக்கு. ஆச்சி தினமும் தைலம் போட்டு உருவி விடுதா. தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்னு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான் தாராங்க.*
*— மேலப்பாளையம்*

உருவுவதை இன்றே நிறுத்தச் சொல்லம்மா. ஆச்சி பாசத்தில் செய்கிறாள், தெரியும். இரண்டு காலும் வீங்குவது வேறு, ஒற்றைக் கால் வீங்கி வலிப்பது வேறு. ஒற்றைக் கால் என்றால் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமினால் ரத்தம் என்றால் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். உறையாமலிருக்க ஊசி மருந்து இருக்கிறது. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லாத மருந்துகளே தருவார்கள்.

பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையும். பேறுகாலத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க உடம்பே செய்துகொண்ட ஏற்பாடு அது. அதோடு காலை மடக்கி மணிக்கணக்காகத் தட்டோடு உட்கார்ந்து, தண்ணீரையும் குறைத்தால் உறைவதற்கு வேறு என்ன வேண்டும்? தலைக்குள் இருக்கும் ரத்தக்குழாயிலும் இப்படி உறைவதுண்டு. அது தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுப்பு என்று வரும்.

தாமிரபரணி ஓடும் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அளந்து ஊற்றும் பழக்கம் மட்டும் எனக்கு இத்தனை வருஷத்தில் விளங்கவே இல்லை. பால் கொடுப்பவளுக்கு நாளைக்கு இரண்டரை மூன்று லிட்டர் வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர், கஞ்சி, மோர் எல்லாம் சேர்த்துத்தான். தண்ணீரால் வயிறு போடுவதில்லை, பிள்ளைக்குச் சளியும் பிடிப்பதில்லை. அப்புறம், பீடித் தட்டை எடுக்க இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே.

*மகப்பேறு முடிஞ்சு 7-ம் நாள் காய்ச்சல். பால் கட்டுனதால வர்ற காய்ச்சல் தானா போயிரும்னு சொல்லுதாங்க, நிஜமா?*
*— களக்காடு*

மூன்று நான்காம் நாளில் மார்பு கனத்து லேசாக மேல் சுடுவது உண்டு, ஒரு நாளில் தணிந்துவிடும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சமாதானம் செல்லாது.

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்தது. ஒரு பெண் குளிர்காய்ச்சல் என்று பொதுப் பிரிவு வரிசையில் நின்றாள். பிள்ளையை வீட்டில் ஆச்சியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஊசியும் மாத்திரையும் கொடுத்து அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. பிரசவம் ஆகி ஒரு வாரம்தான் ஆகிறது என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். கர்ப்பப்பைக் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. பிழைத்தாள், ஆனால் அந்தப் பத்து நாளை நான் மறக்கவில்லை. அதிலிருந்து காய்ச்சல் என்று எந்த இளம்பெண் வந்தாலும் என் முதல் கேள்வி, ‘கடைசியா எப்பம்மா பிள்ளை பெத்த?’ உங்களிடம் யாரும் கேட்காவிட்டாலும் சீட்டு போடும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்: ‘பேறுகாலம் ஆகி இத்தனை நாள்.’

காய்ச்சலோடு நடுக்கம், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள கசிவு, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் இருந்தால் கிருமிதான் என்று வைத்துக்கொண்டு ஓடுங்கள். சில சமயம் காய்ச்சலே இல்லாமல் உடம்பு குளிர்ந்தும் போகும், அது இன்னும் மோசம்.

1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் நீரில் கை கழுவினாலே தாய்மார் சாவு குறைகிறது என்று காட்டினார். கூட இருந்த டாக்டர்களே பலர் அவரை நம்பவில்லை. நம் வீட்டில் அதற்குச் சமமான காரியம் ஒன்றுதான்: தீட்டுத் துணி என்று கட்டிலுக்கடியிலும் குளியலறை மூலையிலும் ஒளித்துக் காயப்போடாதீர்கள். நல்ல வெயிலில் காயட்டும். யார் பார்த்தால் என்ன?

*மார்பு ஒரு பக்கம் மட்டும் சிவந்து கல்லா இருக்கு, காய்ச்சலும் இருக்கு. அந்தப் பக்கம் பால் கொடுக்கலாமா?*
*— வீரவநல்லூர்*

கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். பால் தேங்கினால் சீழாகும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், ஒரு நாளில் குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது பால் வற்றுவதற்குச் செய்யும் வழக்கம், அதை இங்கே செய்துவிடாதீர்கள்.

*என் தம்பி பொண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்து 9 நாள். நாலு நாளா பொட்டு உறக்கம் இல்ல. ‘இது என் பிள்ளை இல்ல, மாத்திட்டாங்க, சோத்துல விஷம் வச்சிருக்காங்க’ன்னு சொல்லுதா. இசக்கி பிடிச்சிருக்கு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு வீட்டுல முடிவு பண்ணிருக்காங்க.*
*— ராதாபுரம் பக்கம்*

இசக்கியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான் நானும். கையில் பிள்ளையோடு நிற்கிற தெய்வம் அவள். பிள்ளை பெற்றவளை அவள் வதைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. முதலில் ஆஸ்பத்திரி, கோயிலுக்கு அப்புறம் போகலாம், பொங்கலும் வைக்கலாம்.

பேறுகாலத்துக்குப் பின் மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிப் பேருக்கு மேல் உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். அதற்கு மேலும் நீண்டால், எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளை உறங்கினாலும் தனக்கு உறக்கம் வராமல் கிடந்தால், அது மனச்சோர்வு நோய். மருந்துண்டு, குணமாகும். நீங்கள் எழுதியிருப்பது இவை இரண்டும் இல்லை. ஆயிரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் மனக்கலக்கம், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வருவது. மாரடைப்புக்குக் காட்டும் அவசரம் இதற்கும் வேண்டும். அவளையும் பிள்ளையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். அவள் சொல்வதை எதிர்த்து வாதாடவும் வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, இன்றே கூட்டிப் போங்கள். யோசனை கேட்க 14416 எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஆனால் இவளுக்குப் போன் பேச்சு மட்டும் போதாது.

ஒன்று மட்டும் மதினியான உங்களிடம் சொல்ல வேண்டும். அவள் குணமான பிறகு இந்த நாட்களைச் சொல்லிக்காட்டி விடாதீர்கள்.

*பிள்ளைக்கு ரெண்டு மாசம். மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது, ராத்திரி உட்கார்ந்தே உறங்குதேன். ரத்தசோகைன்னு டானிக் குடிக்கேன்.*
*— சேரன்மகாதேவி*

டானிக்கோடு நிற்காதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுவதும் கால் வீங்குவதும் இதயத்தைப் பார்க்கச் சொல்லும் அடையாளம். பேறுகாலத்தை ஒட்டி இதயத்தசை பலவீனமாகும் நோய் ஒன்று உண்டு. பிள்ளை பிறந்து ஐந்து மாதம்வரைகூட அது வரலாம். இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேனான எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். இந்த வாரம் என்று தள்ளாமல் இன்றே போங்கள்.

*ஆபரேஷன் ஆனவளுக்கு நொச்சி, புளிய இலை போட்டு வெந்நீரை வயித்துல வீசி ஊத்தலாமா? உளுந்தங்களி எப்போ கொடுக்கலாம்?*
*— அம்பாசமுத்திரம்*

தையல் ஆறும்வரை வயிற்றில் வீசி ஊற்ற வேண்டாம். உடம்புக்கு இதமான சூட்டில் குளிக்கட்டும், தையலைச் சுத்தமான துணியால் ஒற்றி ஈரம் இல்லாமல் வைத்துக்கொண்டால் போதும். சிவந்து, கசிந்து, பிரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருப்பவளுக்குத் தையல் தாமதமாக ஆறும், கூடுதல் கவனம் வேண்டும்.

களிக்கு என்ன? வயிறு செரிக்கத் தொடங்கியதும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுத் தாராளமாகக் கொடுங்கள், சர்க்கரை உள்ளவளுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. கூடவே இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாதம் விடாமல் போட வையுங்கள், டீயோடு அல்ல. களி உருட்டிக் கொடுக்கும் அந்த நேரத்தில் அப்படியே அவள் காலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்: இரண்டும் ஒரே அளவாக இருக்கிறதா?